பெருக்கி அழித்த தடம்

வாசல் பெருக்குவதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. முதல் ஷிப்டுக்குப் போகிற நாளானாலும் சரி, காய்ச்சலில் கிடக்கிற நாளானாலும் சரி, என் வாசலில் ஓர் இலை கிடந்து யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் வீட்டு வாசலைப் பார்த்து மனசுக்குள் மார்க் போடுகிற கெட்ட பழக்கமும் உண்டு. அந்தத் திமிர் ஒருமுறை எங்களைக் கோர்ட்டில் கவிழ்க்கப் பார்த்தது.

எங்கள் வீடு ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், பஞ்சாயத்து ரோட்டிலிருந்து நூற்றைம்பது அடி உள்ளே இருக்கிறது. வீடும் மனையும் எங்களுடையவை. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நிலம் எங்களுடையது இல்லை. அது ஊரில் நெல் போடுகிற ஒரு பெரியவருடையது. அந்த நிலத்தின் ஓரமாக ஒரு வழி உண்டு. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் அதில்தான் போய்வருகிறது. மாமனார் அந்தப் பெரியவரின் வயலில் கூலி வேலை செய்தவர், அவரை 'ஆண்டே' என்று கூப்பிடுவாராம். என் கணவர் 'நைனா' என்பார். எனக்கு இரண்டும் வாயில் வராது. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே அவரிடம் பேசப் பழகிக்கொண்டேன்.

கணவருக்கு வலது கால் முழங்காலுக்கு மேலிருந்தே இல்லை. கம்பி உருட்டுகிற ஆலையில் வேலை செய்தபோது போய்விட்டது. இப்போது புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில், லாரி எடை மேடையில் சீட்டுப் போடுகிறார். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர்தான் அவருக்குக் கால். அந்த வண்டி மண்ணில் மூன்று கோடு போடும். நடுவில் அழுத்தமாக ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மெலிதாக இரண்டு. வாசல்வரை வந்த கோட்டை நான் காலையில் பெருக்கி அழிப்பேன், சாயங்காலம் அவர் மறுபடி போடுவார். வழி நெடுக இருக்கிற கோட்டில் மட்டும் நான் கை வைப்பதில்லை. ஒன்பது வருடமாக இப்படித்தான் ஓடியது.

ஒரு நாள் நான் ஷிப்டு முடிந்து கம்பெனி வண்டியிலிருந்து இறங்கினால், வழி தொடங்குகிற இடத்தில் வேலிக்குக் கல் தூண்களை அடுக்கி வைத்திருந்தார்கள். குழியும் எடுத்திருந்தார்கள். நிலத்தைக் கோடவுன் கட்டக் கேட்கிறார்கள், ஓரத்தில் ஒரு வழி இருந்தால் வாங்குகிறவர் யோசிக்கிறார் என்று அங்கே நின்ற பெரியவர் நிதானமாகச் சொன்னார்.

"வடக்கால வரப்பு கீது இல்ல? அதுல போய்க்கினு வாங்க."

"வரப்புல வண்டி எப்பிடிப் போவும்?" என்றேன்.

"வண்டிய ரோட்டாண்ட வுட்டுட்டு வரச் சொல்லும்மா. நானா வாணாங்கறேன்?"

என் கணவர் சண்டைக்குப் போகிறவர் இல்லை. மறுநாளே வண்டியை ரோட்டோர டீக்கடையில் விட்டுவிட்டு, ஊன்றுகோலோடு வரப்பில் இறங்கினார். எங்கள் பக்கத்து மண் களிமண். தண்ணீர் பட்டால் ஊன்றுகோலை உள்ளே இழுத்துக்கொள்ளும். மார்புவரை சேற்றோடு வீட்டுக்கு வந்தவர், பின்பக்கம் போய்க் கழுவிக்கொண்டு, "சோறு போடு" என்றார். நான் சோறு போடாமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். கால் போனபோதுகூட அவ்வளவு அழவில்லை. அப்போது ஆஸ்பத்திரி, மருந்து என்று ஓடிக்கொண்டிருந்ததில் அழ நேரம் கிடைக்கவில்லை.

வேலியை நட்டுவிட்டால் அவர் வீட்டைவிட்டு வெளியே போவதே நின்றுவிடும். வேலை போகும். அதைவிட, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்க்கிற மனிதராக அவர் ஆகிவிடுவார். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கோர்ட் என்றால் திருடனும் கொலைகாரனும் போகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். என்னோடு பேக்கிங்கில் நிற்கிற அக்கா ஒருத்திதான், "பொம்பளன்னா ஃப்ரீயா வக்கீலு வெச்சிக் குடுக்கறாங்கடி, போய்க் கேளு" என்று தள்ளிவிட்டாள். தாலுகா கோர்ட்டின் ஓரத்தில், சட்டப் பணிகள் குழு என்று போர்டு போட்ட சின்ன அறை. அங்கே இருந்தவர் என் வருமானத்தைக்கூடக் கேட்கவில்லை. வெள்ளைத் தாளில் மனு எழுதச் சொன்னார். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கவும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு எழுதத் தெரியும் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொல்லிவிட்டு, இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் திட்டு. அதைப் படித்துவிட்டு, "விஷயத்தை மட்டும் எழுதும்மா" என்று இன்னொரு தாள் கொடுத்தார்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் சின்ன வயசுப் பெண். செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி வருகிறவர். என்னைவிடப் பத்து வயது சிறியவரை 'மேடம்' என்று கூப்பிட முதலில் கூச்சமாக இருந்தது. வழக்குப் போட்ட வாரமே, தீர்ப்பு வரும்வரை இப்போது இருக்கிற நிலை அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டார். குழியோடு வேலி நின்றது. கணவர் மறுபடி வண்டியில் போய்வந்தார். அதன்பிறகு நான் அந்த வக்கீலை 'மேடம்' என்று மனதாரக் கூப்பிட்டேன்.

வாய்தாவுக்குப் போகிற நாட்களில் வராந்தாவில் நிற்பேன். சேர்ந்து வாழவும் முடியாமல் பிரியவும் முடியாமல், ஜீவனாம்சத்துக்கு வந்திருக்கிற பெண்கள். ஜாமீன் கையெழுத்துப் போட ரேஷன் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற சொந்தக்காரர்கள். லாரி இடித்த வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்து, மூன்றாவது தடவையாகத் திரும்பிப் போகிற பெட்டிக்கடைக்காரர். உள்ளேயிருந்து டவாலி வந்து கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது முறைக்குள் ஆள் வரவில்லையென்றால் வழக்கு போயிற்று என்று சொல்லி வைத்திருந்ததால், நான் தண்ணீர்கூடக் குடிக்கப் போகாமல் நின்றேன். முதன்முதலில் என் பெயரைக் கூப்பிட்டபோது பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல "உள்ளேன் ஐயா" என்றேன். வராந்தா முழுக்கச் சிரித்தது.

பெரியவர் தரப்பில் பதில் கொடுத்தார்கள். இந்தக் குடும்பம் காலங்காலமாக வடக்கு வரப்பில்தான் போனது, இந்த வழியை வழக்குக்காகப் புதிதாக உண்டாக்கியிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. கீழே பெரியவரின் கையெழுத்து. மேடம் அலட்டிக்கொள்ளவில்லை. இடத்தைப் பார்த்து எழுதிக்கொடுக்க ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போடச் சொல்லி மனுப் போட்டார், கோர்ட்டும் போட்டது.

"சனிக்கிழமை கமிஷனர் வராரு. கோர்ட்டு நேர்ல வர முடியாது இல்லையா, அதுக்குப் பதிலா அவர் வந்து பார்ப்பாரு. கோர்ட்டே உங்க வீட்டுக்கு வர மாதிரி. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்," என்றார் மேடம்.

ஒண்ணும் செய்ய வேணாம் என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும்தான் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள், துக்கம் கேட்க வருகிறவர்கள் சொல்வார்கள். அதற்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுவதா? அவர்கள் மரியாதைக்குச் சொல்கிறார்கள், நாம் மரியாதைக்குச் செய்கிறோம். கோர்ட்டே வருகிறது என்றால் சும்மாவா?

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் துடைப்பத்தை எடுத்தேன். வாசலோடு நிற்கவில்லை. ரோடுவரை, நூற்றைம்பது அடியையும் பெருக்கினேன். அப்படியும் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. ரோட்டோரம் ஒருவர் வீடு கட்ட மணல் கொட்டி வைத்திருந்தார். அவரிடம் கேட்டு, பாண்டுச் சட்டியில் சட்டி சட்டியாகச் சுமந்து வந்து பரப்பி, பலகை வைத்து இழுத்துச் சமமாக்கினேன். மேலே சாணித் தண்ணீர் தெளித்தேன். ரோட்டு முனையில் ஒரு கோலம், வாசலில் ஒரு கோலம். கல்யாண வீடு தோற்றது.

கணவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். "இன்னாத்துக்கு இவ்ளோ?" என்றார்.

"கோர்ட்டு வருது. நீ வண்டிய எட்த்துகினு போய் டீக்கடையாண்ட வுட்டுட்டு வந்துடு. அவரு பார்த்துட்டுப் போற வரைக்கும் மண்ணுல சக்கரம் படக் கூடாது."

மணல் கொட்டுவதற்கு முன்பே வண்டியை வெளியே அனுப்பிவிட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். நான் பரப்பிய மணலிலேயே அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே போய் மூன்று கோட்டையும் பலகையால் இழுத்து அழித்தேன். அவர் டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு, மணலில் ஊன்றுகோல் பதியாமலிருக்க, எனக்காக வரப்பு வழியாக நடந்து வந்தார். அதையும் பெரியவர் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

பத்து மணிக்குக் கமிஷனர் வந்தார். நான் ஜீப்பை எதிர்பார்த்தேன். அவர் டூ வீலரில், கையில் அளக்கிற டேப்பும் ஒரு நோட்டுமாக வந்து இறங்கினார். மேடம் வந்தார். பெரியவரும் அவருடைய வக்கீலும் வந்தார்கள். கமிஷனர் வழியின் முனையில் நின்று அந்தக் கடைசிவரை பார்த்தார். மேடமும் பார்த்தார். மேடத்தின் முகம் ஏன் அப்படிப் போனது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"மணல் எப்போ போட்டீங்க?"

"இன்னிக்குக் காலைலதான் சார். நீங்க வரீங்கன்னு," என்றேன் பெருமையாக.

பெரியவரின் வக்கீல் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

"வண்டி எங்க?"

"ரோட்டுல நிக்குது சார், டீக்கடைல."

அவர் எழுதிக்கொண்டே போனார். நான் மோர் கொண்டுவந்தேன். கட்சிக்காரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று கமிஷனர் மறுத்துவிட்டார். மேடமும் வேண்டாமென்று தலையாட்டினார். தட்டில் டம்ளர்களோடு நான் அசடு வழிய நின்றேன். வீட்டுக்கு வந்தவர் வந்தவர்தானே என்று பெரியவரிடமும் நீட்டினேன். நல்ல வெயில். கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்தார், பிறகு எடுத்துக் குடித்தார். எங்கள் வீட்டில் அவர் கைநனைத்தது அதுதான் முதல் தடவை. கோர்ட்டு குடிக்கவில்லை, எதிரி குடித்தார்.

எல்லோரும் போனபிறகு மேடம் என்னை ரோட்டோரம் நிற்க வைத்துச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. "இருக்கறத இருக்கறபடி பார்க்கத்தான்க்கா அவர் வந்தாரு. ஒன்பது வருஷத் தடம் இருந்துச்சு. அதைத்தானே நாம காட்டணும்?"

 வேலி போட வந்த பெரியவர் செய்ய நினைத்ததை நான் துடைப்பத்தால் செய்து முடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலாம்.

"ஊட்டுக் குப்பையோட கேசையும் வாரிக் கொட்டிட்டியா?" என்று சிரித்தார். அப்புறம் நெடுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியில்தான்.

கமிஷனரின் அறிக்கைக்கு நகல் மனுப் போட்டு, நகல் பிரிவில் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்து வாங்கினேன். முத்திரை குத்திய தாள். 'பாதையின் முழு நீளத்திலும் புதிதாக மணல் பரப்பப்பட்டுள்ளது. வாகனத் தடம் எதுவும் காணப்படவில்லை. மனுதாரரின் கணவர் வடக்கு வரப்பில் வந்ததாக எதிர்மனுதாரர் தெரிவித்தார்.' வராந்தாத் தூணில் சாய்ந்து மூன்று தடவை படித்தேன். ஒரு சொல் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

அறிக்கைக்கு ஆட்சேபம் சொல்லி, மறுபடி பார்க்க வேண்டும் என்று மேடம் மனுப் போட்டார். விசாரணையன்று நீதிபதி தாளைப் படித்துவிட்டு என்னைக் கூண்டுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"எதுக்கும்மா பெருக்குனீங்க?"

பதில் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. "கோர்ட்டு ஊட்டுக்கு வருதுன்னாங்க ஐயா. குப்பைல எப்பிடி நிக்க வெக்கறது?" என்றேன்.

கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பெரியவரின் வக்கீல் எழுந்து, இவர்கள் மணல் போட்டு ஆதாரத்தை உண்டாக்கிவிட்டு இப்போது கதை சொல்கிறார்கள் என்றார். நீதிபதி கேட்டுக்கொண்டார், எழுதினார். அதே கமிஷனர் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை இரண்டு தரப்பும் இடத்தில் எதையும் மாற்றக் கூடாது, வழக்கமான போக்குவரத்து இருக்கலாம் என்று உத்தரவு.

வெளியே வந்ததும் மேடத்திடம் கேட்டேன். "அந்த வழில பெருக்கலாமா மேடம்?"

"தொடப்பத்தையே தொடாதீங்கக்கா."

ஒரு மாதம். வழியில் முருங்கை இலை உதிர்ந்தது, ஆட்டுப் புழுக்கை, பிளாஸ்டிக் கவர், எல்லாம் கிடந்தது. எதற்கு வம்பு என்று வாசலையும் விட்டுவிட்டேன். ரோட்டில் போகிறவர்கள், "இன்னா, உடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்கள். கோர்ட்டு உத்தரவு என்று சொன்னால் நம்பவில்லை. பெருக்க வேண்டாமென்று எந்தக் கோர்ட்டாவது சொல்லுமா? காலையில் எழுந்தால் கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும். கணவரிடம் சொல்லி அதைக் கூரை எரவாணத்தில் செருகி வைத்தேன். என் மணல் மேல் அவர் வண்டி மெலிதாகக் கோடு போட்டுக்கொண்டு போய்வந்தது. அது எல்லாம் புதுக்கோடு. அதை வைத்து எதைக் காட்ட முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லாமல் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில் மழை விட்டு, வெயில் வந்து, கமிஷனரும் வந்தார், கூடவே மேடமும் பெரியவரும் அவருடைய வக்கீலும். நான் வரவேற்கவில்லை, மோர் எடுக்கவில்லை. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கணவர் நாற்காலியில் இருந்தார், வண்டி வாசலில் நின்றது.

நான் சுமந்து கொட்டிய மணல் முழுக்க மழையில் அடித்துக்கொண்டு பக்கத்துப் பள்ளத்துக்குப் போயிருந்தது. அடியில் பழைய களிமண் தெரிந்தது. அதில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது, மூன்று கோடாக. ரோட்டு முனையில் தொடங்கி, முருங்கை மரத்தடியில் வண்டி திரும்புகிற வளைவில் தானும் வளைந்து, வாசல்படிவரை வந்து நின்றது. நடுக்கோடு ஆழம். பக்கக் கோடு இரண்டும் மெலிது. வெயில் பட்டு மூன்றும் பளபளத்தன.

கமிஷனர் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார்.

"ஒரு மாசமா ஓட்டி ஓட்டித் தடம் போட்டிருக்காங்க சார்," என்றார் பெரியவரின் வக்கீல். "புதுசுதான். எழுதிக்கங்க."

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். நடுக்கோட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் இறங்கவில்லை. நாலு விரல் தள்ளி அழுத்தினார், அங்கே முழுசாக இறங்கியது. விரலைத் துடைத்துக்கொள்ளாமலே நிமிர்ந்தார்.

"ஒரு மாசத்துல இது எறங்காது சார்," என்றார் கமிஷனரிடம். "இந்தக் களி இப்பிடி இறுகணும்னா வருசக்கணக்கா வண்டி ஏறி மெரிபடணும்."

"ஐயா, நீங்க பேசாம இருங்க. நான் பார்த்துக்கறேன்," என்று வக்கீல் அவர் கையைப் பிடித்தார்.

"மத்ததெல்லாம் நீ பார்த்துக்க நைனா. மண்ணப் பத்தி எங்கிட்ட சொல்லாத." கையை விடுவித்துக்கொண்டார். "அம்பது வருசமா இதுல ஏர் ஓட்டுறேன். இது அவன் வண்டித் தடந்தான். எழுதிக்குங்க."

கமிஷனர் எழுதினார். என் கணவர் நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து நின்றார்.  பெருக்குவதில் எனக்கு இருக்கிற திமிர் மாதிரி, மண்ணில் அந்த மனிதருக்கு ஒரு திமிர் இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட தாளில் பொய் இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தவரால், மண்ணைப் பற்றி மட்டும் பொய் சொல்ல முடியவில்லை.

அடுத்து வந்த லோக் அதாலத்தில் இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சமரசம் பேசினார்கள். ஆறடி அகலத்துக்கு வழி எங்களுக்கு, நிலத்தை யாருக்கு விற்றாலும் வழி வழியாகவே இருக்கும் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். லோக் அதாலத்தில் முடிந்ததற்கு அப்பீல் இல்லை என்று மேடம் சொன்னார். வெளியே வரும்போது பெரியவரைப் பார்த்து, "மோர் குடிச்சிட்டுப் போங்க நைனா, ஊட்டாண்ட வந்தா," என்றேன். வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கணவர் எரவாணத்திலிருந்து துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். வண்டி ரோட்டில் ஏறித் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மாதக் குப்பையையும் கூட்டித் தள்ளினேன். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றது.

இப்போதும் தினமும் பெருக்குகிறேன். வாசல்படிவரை வருகிற அந்த மூன்று கோட்டில் மட்டும் துடைப்பம் படாமல், அதைச் சுற்றிப் பெருக்குகிறேன். பார்க்கிறவர்கள் அரைகுறையாகப் பெருக்கியிருக்கிறாள் என்று மார்க் போடுவார்கள். போட்டுக்கொள்ளட்டும்.